மாதிரி எண் இருபத்து மூன்று

தாழங்குப்பத்துக் கரையில்,
தூண்டில் வளைவின் கருங்கற்களுக்கு இந்தப் பக்கம்,
முப்பத்தாறு கான்கிரீட் கட்டிகளை
எண் பொறித்து வரிசையாக வைத்துவிட்டு வந்தோம்.
ஒவ்வொன்றும் எட்டு கிலோ.
சிமென்டில் பாதியை எடுத்துவிட்டு
அனல்மின் நிலையத்துச் சாம்பல்.
பன்னிரண்டில் மட்டும் கூடுதலாக
காசிமேட்டில் எடைக்கு வாங்கிய கிழிந்த நைலான் வலை,
விரல்கணு நீளத்துக்கு நறுக்கியது.
நறுக்கி நறுக்கி
கோதண்டபாணி அண்ணனின் கட்டைவிரல் கொப்பளித்தது.
அது அறிக்கையில் வராது.

கேள்வி சின்னதுதான்:
ஓராண்டில் உப்பு
எத்தனை மில்லிமீட்டர் உள்ளே போகும்?

இதற்கு அரசு ஒப்புக்கொண்டது மூன்று தவணை.
இரண்டு வந்தது.
மூன்றாவதற்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் கேட்டார்கள்.
சான்றிதழுக்கு முடிவைக் கேட்டார்கள்.
முடிவுக்குக் கடல்
இன்னும் நூற்றுப்பத்து நாள் கேட்டது.
என் சம்பளம் இவர்கள் மூவருக்கும் நடுவில்
எங்கேயோ நின்றுகொண்டிருந்தது.

மாதம் ஒரு முறை
திருவொற்றியூரில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போவேன்.
கரை எங்கள் வரிசையை மதிக்கவில்லை.
ஏழும் எட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி
ஸ்டம்பாகி நின்றன.
பதினான்கின் மேல் யாரோ
கானாங்கெளுத்தி அரிந்து செதிலை விட்டுப் போயிருந்தார்கள்.
முப்பத்தொன்றின் இடுப்பில் கயிறு,
மறுமுனையில் ஒரு ஆடு.
குறிப்பேட்டில் எழுதினேன்:
களச்சூழல், இயல்பு.

ஓராண்டு முடிந்த காலை எண்ணினால் முப்பத்தைந்து.
இருபத்து மூன்று இல்லை.
வலை போட்ட பன்னிரண்டில் ஒன்று.
"கடல் கொண்டுபோச்சுன்னு எழுதிடும்மா"
என்றார் அண்ணன்.
கடல் அப்படிப் பொறுக்கி எடுக்காது என்றேன்.

மூன்றாவது சந்தில், தேசம்மாள் வீட்டில் இருந்தது.
ஃப்ரிட்ஜுக்கு முட்டுக்கொடுத்து.
ஆற்றுமுகம் ஏறிவந்தால்
முதலில் நனையும் வீடு அது.
மூன்று காலுக்குச் செங்கல்,
நான்காவது காலுக்கு அரசு ஆராய்ச்சி.
செங்கற்கள் உப்புப் பூத்து
விரல் பட்டால் மாவாய் உதிர்ந்தன.
"ரெண்டு வாட்டி மாத்திட்டேன் அதுங்கள.
இது மட்டும் அப்டியே கீது" என்றாள்.
மண்டியிட்டு டார்ச் அடித்துப் பார்த்தேன்.
விளிம்புகூட உடையவில்லை.
எண் தெளிவாகத் தெரிந்தது, தலைகீழாக.

"இந்த மாரி எவ்ளோ செஞ்சீங்க?"
"முப்பத்தாறு."
"நாளைக்கா?"
"இல்ல. மொத்தமே."
அவள் சிரிக்கவில்லை.
ஃப்ரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டில் எடுத்துத் தந்தாள்.
கதவில் இன்சுலின் பெட்டி,
அதற்குக் கீழே நாளை விற்க வேண்டிய இறால்.
"வீடு எப்ப செய்வீங்க?"
இரண்டாம் கட்டம், முன்மொழிவு, பரிசீலனை:
மூன்று சொல்லும் வாய்வரை வந்தன.
தண்ணீரைக் குடித்தேன்.

மற்றவற்றை ஆய்வகத்தில் உடைத்தோம்.
முகத்தில் வெள்ளி நைட்ரேட் தெளித்தால்
உப்பு வந்த வரை வெளுக்கும்,
வராத இடம் பழுப்பாகும்.
வலையில்லாதவை சட்டென்று சிதறின.
வலை போட்டவை பிளந்த பின்னும்
நீல இழைகளில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டிருந்தன;
கையால் பிய்க்க வேண்டியிருந்தது.
அண்ணன் இழுத்துப் பார்த்து
"இன்னும் மீன் பிடிக்குது" என்றார்.

அட்டவணையில்
இருபத்து மூன்றுக்கு நேரே கட்டம் காலி.
தொலைந்தது என்று எழுதலாம்.
உடைந்தது என்றும் எழுதலாம்.
நான் எழுதினேன்: பயன்பாட்டில் உள்ளது.

பதினைந்து நாளில் கோப்பு திரும்பி வந்தது.
அந்தச் சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம்.
விளக்கம் தேவை.

இன்று அக்டோபர் ஒன்பது.
விளக்கம் இன்னும் எழுதவில்லை.
மேகம் எண்ணூர்ப் பக்கம்
சாம்பல் நிறத்தில் கூடுகிறது,
எங்கள் கலவையைவிடக் கொஞ்சம் அடர்த்தியாக.